நிழலை அழுக்கென்று வரைந்தேன்

போன மாதம் ஒரு வேலையாக ஆபீசுக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் திரையில் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, "அக்கா, நல்லா வந்திருக்குலா" என்று காட்டினார். நன்றாகத்தான் வந்திருந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, எல்லாம் பட்டுப்புடவைக் கடை மாதிரி. பினாங்குத் தீவு முழுக்க ஓர் இடம்கூடக் காலியாக இல்லை. மேகம் மறைத்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சாப்ட்வேரே நிரப்பிக்கொண்டது என்று பதில் வந்தது. அதைச் சொன்னவரின் முகத்தில் ஒரு சஞ்சலமும் இல்லை.

ஓய்வுபெற்றவள் போகிற இடத்தில் கத்தக்கூடாது என்பதால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று எழுதப்போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, நீங்கள் என்னைவிட வேகமாக அமுக்குகிறீர்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது. அப்போது நம் ஆபீஸ் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நெல்வயல், மலைச்சரிவு, தோட்ட எல்லை என்று துணைக்கோள் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைபடம் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் நம் பாஸ் படியேறி வந்து, வடக்கே குளிர்நாட்டில் ஒரு நகரத்துக்குப் பனி அழுக்கு வரைபடம் செய்யும் வேலை கிடைத்திருக்கிறது என்றார். அந்த நகரத்துக்காக வேலை செய்யும் ஆலோசனைக் கம்பெனி ஒன்று, படவேலையை மட்டும் நமக்குத் தள்ளிவிட்டிருந்தது.

நான் டத்தோ கிராமாட்டில் பிறந்து வளர்ந்தவள். பனியை வாழ்நாளில் தொட்டதில்லை. அதைச் சொன்னேன். பாஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர், எதற்கும் அசராதவர்.

"ஸ்னோன்னா என்ன அக்கா, சீவுன ஐஸ்தான், சிரப் ஊத்தாத ஐஸ் கச்சாங்லா," என்றார். "வெள்ளையா இருந்தா சுத்தம். கறுப்பா இருந்தா அழுக்கு."

எல்லாரும் சிரித்தோம். சிரித்தது சரி. பிறகு அதே வாக்கியத்தை நான் ஆராய்ச்சித் திட்டமாக வைத்துக்கொண்டதுதான் வினை.

பனிக்கும் அழுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மழை விழுந்தால் புகையையும் தூசியையும் அடித்துக்கொண்டு கால்வாய்க்குப் போய்விடும். பனி அப்படிப் போகாது. குளிர்காலம் முழுக்க விழுந்த இடத்திலேயே கிடக்கும். அடுப்புக்கரி, புகைக்கூண்டுச் சாம்பல், லாரிகள் கிளப்பும் தூசி எல்லாம் அதன்மேல் இறங்கும், அதற்குமேல் இன்னொரு பனி விழும், மறுபடி சாம்பல் இறங்கும். நகரத்தின் எந்த மூலையில் எவ்வளவு புகை இறங்கியது என்று தெரிய வேண்டுமானால் பனியைப் பார்த்தால் போதும்.

அந்த நகரம் நிலக்கரி எரிக்கும் நகரம். ஆற்றோரம் வரிசையாக உயர்ந்த அடுக்குமாடிகள், அவற்றுக்குப் பக்கத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாய்களில் அனுப்பும் பெரிய கொதிகலன் கூடம். மறுபக்கம் குன்றின் அடியில் தாழ்ந்த ஓட்டுவீடுகள், வீட்டுக்கு வீடு கரியடுப்பு. நகரசபையிடம் இருந்த பணத்தில் அந்த ஆண்டு ஒன்றைத்தான் செய்ய முடியும். ஒன்று, கொதிகலன் புகைக்கூண்டுக்கு வடிகட்டி போடலாம். இல்லாவிட்டால் தாழ்ந்த வீடுகளின் கரியடுப்பை மாற்றித் தரலாம். எங்கே அழுக்கு அதிகமோ அங்கே முதலில். அதைக் காட்டுவதற்குத்தான் வரைபடம். எந்தக் குழந்தை அடுத்த குளிர்காலத்தில் நல்ல காற்றைச் சுவாசிக்கும் என்பதை, பணமாற்றுக் கடைக்கு மேல் உட்கார்ந்து நான் வண்ணம் அடித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நெல்வயல் மாதிரி இதுவும் ஒரு வேலை என்று ஆரம்பித்தேன்.

முதல் காரியம் படம் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் நம் ஊர்ப் புத்தி என்னைக் கவிழ்த்தது. பினாங்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே எதிரி மேகம். மாதக்கணக்காகத் தேடினாலும் மேகமில்லாத படம் ஒன்று கிடைக்காது. கிடைத்துவிட்டால் ஆபீசே கொண்டாடும், கீழே கடையிலிருந்து எல்லாருக்கும் பலகாரம் வரும். முப்பது வருடம் அப்படியே பழகிய கண். அந்த நகரத்தின் குளிர்காலப் படங்களைப் புரட்டினால், மேகம், மூட்டம், புகை, மறுபடி மேகம். நடுவில் ஒரு படம் மட்டும் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி. தெருக்கள், கூரைகள், ஆற்றின் வளைவு எல்லாம் கத்தி வைத்து நறுக்கியது போல் தெரிந்தன. நான் யோசிக்கவே இல்லை. இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு நாள் மட்டும் ஏன் இவ்வளவு தெளிவு என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பனியில் இருண்ட இடங்களைப் பிரித்து, எவ்வளவு இருட்டோ அவ்வளவு சிவப்பு என்று வண்ணம் கொடுத்தேன். ஆற்றோர அடுக்குமாடிப் பகுதி முழுக்க ரத்தச்சிவப்பாக வந்தது. குன்றடி வீடுகள் மஞ்சளும் பச்சையுமாக வந்தன. கொதிகலன் கூடம் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதனால்தான் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். விளக்கம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அங்கேயே பேனாவைக் கீழே வையுங்கள். நான் வைக்கவில்லை. அனுப்பிவிட்டேன். 'இது சரிபார்க்காத முதல்படி' என்று மூலையில் ஒரு வரிகூட எழுதவில்லை. என் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் மட்டும் மறக்காமல் எழுதியிருந்தேன்.

ஆலோசனைக் கம்பெனியின் மேலாளர் மிகவும் மகிழ்ந்துபோனார். அழகான வரைபடம் என்று எழுதினார். அதோடு நிற்காமல், களத்தில் பனி அள்ளிச் சோதிக்கும் வேலை முடிவதற்கு முன்பே, அதை நகரசபைக்கு அனுப்பிவிட்டார். நகரசபை அதை ஊர் அறிவிப்பில் போட்டுவிட்டது. மூன்று வாரம் கழித்து இதெல்லாம் தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யாரைக் கோபிப்பது? வரைபடத்தை முடிந்த பொருள் மாதிரி கட்டி அனுப்பியது நான்.

எனக்கு அது தெரியவந்தது ஒரு காணொளி அழைப்பில். இங்கே பிற்பகல், அங்கே நண்பகல். மேலாளரோடு ஒரு பெண்ணும் இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். உள்ளூர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. குளிர்காலம் முழுக்கக் காலில் கட்டும் சறுக்குக்கட்டையும் கையில் குழாயுமாக நகரம் முழுக்க நடந்து பனி அள்ளியவள். குழாயை மேலிருந்து தரைவரை இறக்கிப் பனியை எடுத்து, உருக்கி, வட்டமான வடிதாளில் ஊற்றி, மிஞ்சிய கசடைப் பார்ப்பாளாம். எங்கள் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. மெதுவாகத்தான் பேசிக்கொண்டோம்.

அவள் மேசைமேல் என் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு விரித்திருந்தாள். கேமராவைத் திருப்பினாள். எந்தெந்த இடத்தில் பனி எடுத்தாளோ அந்தந்த இடத்தில் வடிதாளை வைத்திருந்தாள். என்னுடைய ரத்தச்சிவப்புப் பகுதியின்மேல் இருந்த தாள்கள் ஏறக்குறைய வெள்ளை. என்னுடைய பச்சையின்மேல், குன்றடி வீடுகளின்மேல் இருந்த தாள்கள் அடுப்புக்கரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாதாடினேன். நீங்கள் எடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள், நான் நகரம் முழுக்கப் பார்த்திருக்கிறேன் என்றேன். உங்கள் குழாய் கழுவியிருக்குமா என்றுகூடக் கேட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. பனியையே பார்க்காதவள், பனியில் முழங்கால்வரை நடந்தவளிடம் கேட்ட கேள்வி.

அவள் கோபப்படவில்லை. "உங்கள் படம் எந்தத் தேதி?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு நோட்டைப் புரட்டினாள். "அதற்கு முந்தின நாள் இங்கே பெரிய பனிப்பொழிவு. பொழிந்து முடிந்தால்தான் எங்களுக்கு வானம் இப்படித் தெளியும். நீங்கள் பார்த்தது ஒரு நாள் வயதுப் பனி. குளிர்காலத்து அழுக்கெல்லாம் அதற்கு அடியில் கிடந்தது."

ஆனாலும் விடவில்லை. புதுப்பனி எல்லா இடத்தையும் மூடியிருந்தால், அடுக்குமாடிப் பக்கம் மட்டும் ஏன் இருண்டிருக்கிறது என்று கேட்டேன். அவள் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"இப்போது இங்கே நண்பகல்," என்றாள். "பாருங்கள்."

வெளியே ஒரு முற்றம், மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள். சூரியன் கூரை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டடத்தின் நிழல் முற்றத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அடுத்த கட்டடத்தின் பாதிச் சுவர்வரை ஏறியிருந்தது. நண்பகலில்.

நம் ஊரில் பன்னிரண்டு மணிக்கு டத்தோ கிராமாட் சாலையைக் கடந்தால் நம் நிழலை நாமே மிதித்துக்கொண்டு நடப்போம். நிழல் என்ற ஒன்று நண்பகலில் இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையும் எழுதியிருக்கிறேன். வடக்கே குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருக்கும் என்று கேட்டிருந்தால் கணக்குப் போட்டுக் கோணமே சொல்லியிருப்பேன். ஆனால் திரையில் இருட்டைப் பார்த்தபோது நிழல் என்ற சொல் மனதில் எழவே இல்லை. நான் கட்டடங்களின் நிழலை அளந்து, அதற்கு அழுக்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

அழைப்பு முடிந்ததும் பாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார், பேனாவை மூடினார்.

"சரி. புது வெர்ஷன் ஒண்ணு செஞ்சு அனுப்புங்க அக்கா. மேம்படுத்தப்பட்ட வரைபடம்னு போடுங்க. தப்புன்னு எழுத வேணாம்."

"அவங்க அதை வச்சு முடிவு எடுக்கப் போறாங்க தம்பி."

"புதுசு வந்தா பழசத் தூக்கிப் போட்ருவாங்கலா."

தூக்கிப் போடமாட்டார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். வெளியே போன வரைபடம் திரும்பி வராது. யாரோ அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், யாரோ கூட்டத்தில் காட்டியிருப்பார்கள். 'மேம்படுத்தப்பட்டது' என்று இன்னொன்றை அனுப்பினால் இரண்டையும் வைத்துக்கொண்டு தங்களுக்குப் பிடித்ததைக் காட்டுவார்கள். பாஸ் கெட்டவர் இல்லை. அந்த மேல்மாடியில் ஏழு குடும்பத்தின் சாப்பாடு இருந்தது, அவருக்கு அந்தப் பயம். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

அன்று சாயங்காலமே எழுதினேன். மேலாளருக்கு, நகல் பாஸுக்கும் அந்தப் பெண்ணுக்கும். நான் அனுப்பிய வரைபடம் தவறு, கட்டட நிழலை அழுக்கென்று கணக்கிட்டுவிட்டேன், தேர்ந்தெடுத்த படமும் இந்த வேலைக்கு உதவாதது, தயவுசெய்து அதை எந்த முடிவுக்கும் பயன்படுத்த வேண்டாம், யாருக்கெல்லாம் போயிருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் இந்தக் கடிதமும் போக வேண்டும். நாலு வரி. பத்துத் தடவை எழுதி அழித்தேன். ஒவ்வொரு தடவையும் 'துரதிருஷ்டவசமாக', 'சில காரணங்களால்' என்று ஏதாவது ஒன்று ஓடிவந்து ஒளிய இடம் கொடுத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அனுப்பினேன். பாஸ் நாலு நாள் சாப்பிடப் போகும்போது மற்றவர்களை மட்டும் கூப்பிட்டார்.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை அவளைக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். குளிர்காலத்தின் கடைசியில், மேல்பனி உருகி, உள்ளே புதைந்த கரியெல்லாம் மேலே வந்து சேர்ந்திருக்கும் நாட்களின் படங்களைத் தேடினோம். கொஞ்சம் மூட்டமாகத்தான் இருந்தன, அழகே இல்லை. கட்டடங்களின் உயரத்தையும் சூரியனின் கோணத்தையும் வைத்து நிழல் விழும் இடங்களைக் குறித்துத் தனியே எடுத்துவிட்டோம். அந்த இடங்களில் எந்த நிறமும் அடிக்காமல் சாய்கோடு போட்டு, 'தெரியாது' என்று எழுதினேன். குன்றடி வீடுகள் இப்போது சிவந்து நின்றன. அவளுடைய கறுத்த வடிதாள்களும் அங்கேயே பொருந்தின.

மேலாளருக்குச் சாய்கோடு பிடிக்கவில்லை. நகரத்தின் நடுவில் இவ்வளவு ஓட்டை இருந்தால் எப்படிக் கூட்டத்தில் காட்டுவது, பக்கத்து இடங்களின் அளவை வைத்து நிரப்பிவிடுங்கள், சாப்ட்வேரில் அந்த வசதி இருக்கிறதே என்று எழுதினார். வசதி இருக்கிறது. உங்களுக்கும் தெரியும். நான் மாட்டேன் என்றேன். அவர் மறுபடி எழுதினார். நான் மறுபடி மாட்டேன் என்றேன். இந்த விளையாட்டு ஒரு வாரம் நடந்தது. ஒரே கடிதத்தையே திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தாலும் அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்தச் சண்டைக்கு முடிவு கட்டியது அந்தப் பெண்தான். சாய்கோடு போட்ட இடங்களின் பட்டியலைக் கேட்டாள். பனி உருகுவதற்குள் போய் எடுத்துவிடலாம் என்றாள். எந்த ஊரில் யார் இப்படிக் கேட்கிறார்கள்? வரைபடத்தில் தெரியாது என்று போட்டால் திட்டுவார்கள், இல்லாவிட்டால் பேசாமல் இருப்பார்கள். அவள் சறுக்குக்கட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நிழலில் கிடந்த முற்றங்களில் அவள் பனி எடுத்த இடமெல்லாம் வெள்ளையாகவே வந்தது, ஒன்றைத் தவிர. அடுக்குமாடிகளுக்குப் பின்னால், சூரியனே எட்டாத ஒரு மூலையில், பாலர்பள்ளி ஒன்று இருந்தது. அதன் வேலிக்குள் ஒரு பனிமேடு. குழந்தைகள் பலகை வைத்துச் சறுக்கி விளையாடும் மேடு. அதிலிருந்து எடுத்த பனி வடிதாளை அடைத்துக்கொண்டு இறங்கவே இல்லையாம். எண்ணெய் வாடை வேறு. சாலையில் வாரிய பனியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய லாரிகள், தூரத்தை மிச்சப்படுத்த ராவோடு ராவாக அங்கே கொட்டியிருக்கின்றன. டயர்த் தூசி, எண்ணெய், உப்பு, கரி எல்லாம் கலந்த மேடு. மேலாளர் சொன்னபடி பக்கத்து அளவை வைத்து நான் நிரப்பியிருந்தால் அந்த மூலை அழகான பச்சையாக இருந்திருக்கும்.

இதைக் குறித்த வரைபடம் ஊருக்குப் போனதும் பெற்றோர்கள் பள்ளி வாசலில் போய் நின்றார்கள். அந்த வாரமே மேடு அள்ளப்பட்டது. நகரசபை குன்றடி வீடுகளின் அடுப்புகளை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்தது. மேலாளர் எங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார், அடுத்த ஆண்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்.

பாஸ் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "நீங்க செஞ்சது சரிதான் அக்கா," என்றார். "சரியா செஞ்சதுக்குத்தான் வேலை போச்சு." சொல்லிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இது ஜெயித்த கதை மாதிரி ஆகிவிடும், ஜெயித்த கதையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த ஆற்றோர அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவர். முதல் வரைபடத்தின் மூலையிலிருந்து என் முகவரியை எடுத்திருக்கிறார். உடைந்த ஆங்கிலம், ஆனால் ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. உங்கள் வரைபடத்தை எங்கள் கட்டட வாசலில் ஒட்டியிருந்தார்கள், எங்கள் வீடு நடுச்சிவப்பில் இருந்தது. என் மனைவி ஜன்னல்களை டேப் போட்டு ஒட்டினாள். எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் வெளியே விடவில்லை. இந்த ஊரில் குளிர்காலத்தில் வெயில் வருவதே சில நாட்கள், அந்த நாட்களில் அவர்கள் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று மற்ற இடத்துப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார்கள். இப்போது அது நிழல் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் பாலர்பள்ளி மேடு மட்டும் ஏன் விஷம்? எதை நம்புவது? என் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் வரைந்த சிவப்பு ஒரு வீட்டுக்குள் போய் ஜன்னலை ஒட்டியிருக்கிறது. அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கெட்ட இடத்தை நல்லது என்று சொல்வதுதான் பாவம், நல்ல இடத்தைக் கெட்டது என்று சொன்னால் ஜாக்கிரதையாக இருப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு பெண் பிள்ளைகள் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

பாஸிடம் காட்டினேன். பதில் போடாதீர்கள், வக்கீல் விஷயமாகிவிடும் என்றார். மின்னஞ்சலில் இருந்த கட்டட எண்ணைச் சோதனைக்கூடத்துப் பெண்ணிடம் கொடுத்துக் கேட்டேன். அந்த முற்றத்தில் அவள் இரண்டு இடத்தில் பனி எடுத்திருந்தாள். இரண்டு தாளையும் படமெடுத்து அனுப்பினாள். இரண்டும் வெள்ளை. அவற்றை இணைத்துப் பதில் எழுதினேன். முதல் வரைபடம் என் தவறு, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் முற்றத்தில் எடுத்த பனி சுத்தமாக இருந்தது, உங்கள் பிள்ளைகள் அங்கே விளையாடலாம். பள்ளி மேடு இருந்த இடத்தில் தரை தெரியும்வரை விளையாட வேண்டாம். கொதிகலன் கூடத்துக்கு அந்தப் பக்கம் யாரும் பனி எடுக்கவில்லை, அங்கே எப்படி என்று எனக்குத் தெரியாது.

எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாவது நாள் ஒரு புகைப்படம் மட்டும் வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்களுடைய முற்றம், கட்டடத்தின் நீண்ட நிழலில் இன்னும் உருகாமல் கிடந்த பனி. நிழலுக்குள்ளே தடித்த கோட்டு போட்ட இரண்டு சிறுமிகள் பனியில் மல்லாந்து படுத்து, கைகளை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்திருந்தது. சிரித்திருக்க வேண்டும், கத்தியும் இருக்கலாம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானும் சந்தோஷப்பட்டேன், அரை நிமிஷம். பிறகு வேலைக்காரக் கண் பார்க்க ஆரம்பித்தது. அந்தச் சிறுமிகளைச் சுற்றியிருந்த பனி சாம்பல் நிறமாக இல்லை. நீலமாக இருந்தது. நிழலுக்குள் சூரியன் எட்டாது. வானத்தின் வெளிச்சம் மட்டும்தான் எட்டும், அதனால் நிழலில் கிடக்கும் பனி நீலமாக இருக்கும். கரி படிந்த பனி பழுப்பாக இருக்கும். இரண்டும் இருட்டுதான், ஆனால் வேறு வேறு இருட்டு.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த முதல் படத்தைத் திறந்தேன், கத்தி வைத்து நறுக்கியது போல் தெளிவாக இருக்கிறது என்று நான் கொண்டாடி எடுத்த படத்தை. இருட்டு எவ்வளவு என்று மட்டும் பார்த்தேனே தவிர, அது என்ன நிறம் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. இப்போது அந்தப் படத்தில் பதிவான நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆற்றோரம் முழுக்க, ஒவ்வொரு கட்டடத்துக்கும் வடக்கே, வரிசை வரிசையாக, நீலம்.